சிறுத்தை வந்து போகிற ஓடை

மேட்டுப்பொத்தை,
9.6.2024

அன்புத் தம்பி எபிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நான் திடமாக இருக்கிறேன். நீயும் ஸ்வீட்லினும் எப்படி? முழங்கால் வலிக்கு வாங்கிய எண்ணெயைத் தேய்க்கிறாயா, கடை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. போன வாரம் நீ கத்த, நான் கத்த, கடைசியில் உன் பெண்டாட்டி போனைப் பிடுங்கி வைத்ததுதான் மிச்சம். அதுவும் போக, பொத்தைக் குன்றுக்கு அடியில் இருக்கிற எங்கள் தெருவுக்குச் சிக்னலும் சரியாகக் கிடைப்பதில்லை. இனிமேல் நமக்குள் கடிதம்தான். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தவளுக்கு இது ஒரு பாரமில்லை. உன் கையெழுத்தும் கொஞ்சம் தேறும்.

நீ கேட்டதற்குப் பதில். அத்தான் போய் இரண்டு வருஷம் ஆகிறது, நான் தனியாக இருக்கிறேன், எல்லாம் சரி. அதற்காக வீட்டைப் பூட்டிவிட்டு ஏரலுக்கு வந்து உன் மாடியறையில் உட்கார முடியாது. பதினோரு ஆடு இருக்கிறது. அதுகளுக்கு என் முகத்தைப் பார்த்தால்தான் தீனி இறங்கும். என்றைக்கு என்னால் முடியவில்லையோ அன்றைக்கு நானே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன். இது சத்தியம். அதுவரை கேட்காதே.

வேறு விசேஷம் இல்லை. நம் சபைக் கோயில்பிள்ளை சாலமோன் இப்போதெல்லாம் ஒழுங்காக மணி அடிப்பதில்லை. போன ஞாயிறு நான் போய்ச் சேர்ந்தபோது முதல் பாட்டே முடிந்துவிட்டது. கேட்டால், இரண்டு தடவை அடித்தேன் என்று சாதிக்கிறார். வயதாகிவிட்டது, பாவம்.

உங்கள் இருவருக்காகவும் தினமும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறேன்.
உன் அக்கா,
சாலோமி


ஏரல்,
23.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் சுகமாக வந்து சேர்ந்தது. ஸ்வீட்லின் நலம். எண்ணெய் தேய்க்கிறேன். அவள் சாட்சி.

கேட்காதே என்று எழுதியிருக்கிறாய். கேட்கவில்லை, சொல்கிறேன். மாடியறைக்கு வெள்ளையடித்து, புதுக் கட்டில் போட்டிருக்கிறது. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்திருக்கிறேன். இரும்புக்கடைக்காரன் அக்காவுக்குக் கம்பி கூட வைக்கவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது.

இன்னொரு விஷயம். கடையம் பக்கம் மலையடிவாரத்தில் சிறுத்தை நடமாட்டம் என்று பேப்பரில் போட்டிருந்தான். ஊர்ப்பெயர் போடவில்லை. நாயையும் ஆட்டையும் தூக்குகிறதாம். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் ஊர்ப்பக்கமா, அக்கா? உள்ளதைச் சொல். உன் கொட்டில் மேலே பாதி திறந்து கிடப்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. காற்றோட்டத்துக்கு என்று அத்தான் அப்படிக் கட்டினார்.

நம் வீட்டுக் காவல்காரன் டைகர் எப்படி இருக்கிறான்? போன தடவை வந்தபோது என் செருப்பைக் கொண்டுபோய் எங்கோ போட்டுவிட்டான். அந்த ஒற்றைச் செருப்பு கிடைத்ததா?

உடனே பதில் போடு.
உன் தம்பி,
எபி


மேட்டுப்பொத்தை,
14.7.2024

அன்புத் தம்பி எபிக்கு,

இங்கே தென்மேற்குச் சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. குளிருக்குக் கை கொஞ்சம் விறைக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. அங்கே புழுங்குகிறதா?

பேப்பர்காரனுக்கு எழுத விஷயம் கிடைக்காவிட்டால் சிறுத்தையைக் கொண்டுவருவான். மலை இருக்கிற இடத்தில் சிறுத்தை இருக்கத்தான் செய்யும். அது அதன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். நீ ஒழுங்காகச் சாப்பிடு.

காலையில் எழுந்து ஒன்பது ஆட்டுக்கும் குழை வெட்டிப் போட்டு, கொட்டிலைக் கூட்டி முடிக்க எட்டு மணி ஆகிறது. பிறகு எதிர்வீட்டு முத்துராணி பீடித் தட்டோடு வந்து உட்காருவாள். முன்னே எல்லாம் ஊர்க்கதை அத்தனையும் சொல்லுவாள். இப்போது என்னமோ வாய்க்குள்ளேயே முனகுகிறாள். புகையிலைத் தூசி தொண்டையைப் பிடித்திருக்கும். வெந்நீர் குடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

டைகர் நாலு நாளாக எங்கோ சுற்றப் போயிருக்கிறான். வருவான். உன் செருப்பு கிடைக்கவில்லை.

மாடியறைக்குக் கொசுவலை அடித்துவை. எனக்காக இல்லை, வருகிற விருந்தாளிக்கு.

ஸ்வீட்லினுக்கு என் முத்தங்கள்.
சாலோமி


ஏரல்,
19.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். நீ சுகமா என்று இந்தத் தடவை சும்மா கேட்கவில்லை.

ஜூனில் பதினோரு ஆடு. ஜூலையில் ஒன்பது. நீ கணக்குப் பாடத்தில் யாரையும் ஏமாற்ற விட்டதில்லை. உன்னிடம் படித்தவன்தான் நானும். ஆடு விற்றிருந்தால் யாருக்கு, என்ன விலைக்கு என்று இரண்டு பக்கம் எழுதியிருப்பாய். டைகர் நாலு நாளாகக் காணோம் என்று ஒரே வரியில் முடிக்கிறாய். அவன் சற்று நேரம் கொல்லைப்பக்கம் போனாலே தெருவில் நின்று கூப்பிடுகிறவள் நீ.

சிறுத்தை உன் கொட்டிலுக்குள் வந்திருக்கிறது. இல்லை என்றால் இல்லை என்று எழுது, நம்புகிறேன்.

கோபமாக எழுதவில்லை, அக்கா. பயந்துபோய் எழுதுகிறேன். அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது. அப்புறம் எனக்குத் தலை சீவிவிட்டது நீதான். உனக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் எந்த முகத்தோடு கடையில் உட்கார்ந்து ஆணி நிறுப்பேன்?

இனி விளையாட்டு இல்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் நீ இங்கே வந்துவிட வேண்டும்.

எபி


மேட்டுப்பொத்தை,
11.8.2024

அன்புத் தம்பி எபிக்கு,

கடவுள் காப்பாற்றிய உடம்போடு எழுதுகிறேன். உங்கள் சுகத்துக்கு எழுது.

ஆமாம். வந்தது. ஜூலை மூன்றாம் தேதி இரண்டு ஆடு போயிற்று. விடிந்து போய்ப் பார்த்தேன். ஒன்றை அங்கேயே போட்டுவிட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. டைகர் அதற்கு அடுத்த வாரம். சங்கிலி மட்டும் ஓடையில் கிடந்தது. உன்னிடம் பொய் சொன்னது தப்புத்தான். முத்துராணியின் கன்றுக்குட்டியும் போய்விட்டது. அவள் மூன்று நாள் அழுதாள்.

வனத்துறையிலிருந்து சிராஜுதீன் என்று ஒரு காவலரைப் போட்டிருக்கிறார்கள். மேலப்பாளையத்துக்காரர். முப்பது வயது இருக்கும், நல்ல பொறுமைசாலி. ஊரார் கேட்டுக்கேட்டு ஓடைக்கரையில் ஒரு கூண்டும் வைத்தார்கள். முதல் வாரம் உள்ளே விழுந்தது சபைச் செயலாளர் வளர்க்கும் நாய். இரண்டாம் வாரமும் அதே நாய். உள்ளே வைத்த தீனி அதற்குப் பிடித்துப்போயிற்று. மூன்றாம் வாரம் அது தானாகவே போய்க் கூண்டு வாசலில் உட்கார்ந்திருந்ததாம். சிராஜுதீன் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்துவிடு என்கிறாய். ஒன்று கேட்கிறேன். போன டிசம்பரில் தாமிரபரணி உன் கடைக்குள் வந்து கூரை வரை நின்றது. மூட்டை மூட்டையாக ஆணி துருப்பிடித்துப் போயிற்று. நீ ஊரைவிட்டு வந்தாயா? மறுவாரமே சேற்றை வாரிவிட்டுக் கடையைத் திறந்தாய். ஆற்றுக்குப் பயப்படாதவன் அக்காவைப் பூனைக்குப் பயப்படச் சொல்கிறான்.

புலம்பாமல் உதவி செய். கொட்டிலுக்கு மேலே அடிக்கக் கனத்த கம்பிவலை வேண்டும். இருபத்திரண்டு அடிக்குப் பதினாலு. கதவுக்கு நல்ல கொண்டி ஒன்று. சிராஜுதீன் சொன்ன அளவு இது.

உன் அக்கா,
சாலோமி


ஏரல்,
27.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உண்மையை எழுதியதற்கு நன்றி. அன்று இரவு தூக்கம் வரவில்லை என்றாலும் பொய்யைவிட இது தேவலை.

வலைச் சுருள் இரண்டு, கொண்டி இரண்டு, கட்டுக்கம்பி ஒரு கட்டு, சோலார் விளக்கு ஒன்று எல்லாம் லாரியில் அம்பாசமுத்திரத்துக்கு அனுப்பியிருக்கிறேன். சாக்கில் கடைச் சீட்டு ஒட்டியிருக்கிறது. ஆள் வைத்து எடுத்துக்கொள். விளக்கு இருட்டினால் தானாக எரியும். நீ எழுந்து போய்ப் போட வேண்டாம்.

வெள்ளத்தைச் சொல்லிக் காட்டினாய். சரி. ஆனால் ஆறு வருவதற்கு முன்னால் சத்தம் கொடுத்தது. ஊரே கத்தியது. நாங்கள் மாடிக்கு ஓடினோம். சிறுத்தை அப்படிச் சத்தம் கொடுத்துவிட்டு வராது. அதுதான் எனக்குப் பயம்.

தனியாக ஓடைப்பக்கம் போவதில்லை, பொழுது சாய்ந்தால் வெளியே வருவதில்லை என்று எனக்கு எழுதிக் கொடு. பள்ளிக்கூடத்தில் எங்களிடம் நீ எழுதி வாங்குவாயே, அது போல.

எபி


மேட்டுப்பொத்தை,
22.9.2024

அன்புத் தம்பி எபிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வலை வந்து சேர்ந்தது. உன் கடைச் சரக்குக்குக் குறை சொல்ல முடியாது. ஆசாரி கிடைக்காததால் இன்னும் மேலே ஏற்றவில்லை. ஆடுகள் இப்போதைக்கு அடுப்படியை ஒட்டிய தாழ்வாரத்தில் படுக்கின்றன. வீடு முழுக்க ஆட்டு வாடை. ஸ்வீட்லின் வந்தால் வாசலோடு திரும்பிவிடுவாள்.

இந்த மாதம் எனக்கும் சபைக்கும் ஒரு பெரிய வழக்கு. சிராஜுதீன் ஓடை முழுக்க நடந்து பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்: "டீச்சர், சிறுத்தை ஆட்டுக்கு வரல. நாய்க்கு வருது. நாய் எதுக்கு வருதுன்னு ஒங்க கோயிலுக்குப் பின்னால வந்து பாருங்க." போய்ப் பார்த்தேன். மே மாதம் சபையார் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும் அசன விருந்து நடந்ததல்லவா, அதற்கு வெட்டிய காணிக்கைக் கிடாக்களின் குடல், தோல், குளம்பு எல்லாம் ஓடையில்தான் போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து ஞானஸ்நான விருந்து, கல்யாண விருந்து எல்லாக் கழிவும் அங்கேதான். முப்பது நாய் குடியிருக்கிறது. கோயில்பிள்ளையைக் கேட்டால், "கர்த்தருக்குக் கொடுத்த ஆடும்மா, அதைப் போய்ப் பஞ்சாயத்துக் குப்பை வண்டியில ஏத்தச் சொல்லுதியளா" என்கிறார். மரியாதை கொடுத்து மரியாதை கொடுத்துச் சிறுத்தைக்குச் சாப்பாட்டு வழி காட்டியிருக்கிறார்கள். குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தால் மரியாதை குறையுமா என்று கமிட்டியில் கேட்டேன். யோசிக்கிறோம் என்கிறார்கள். யோசிக்கட்டும். விடமாட்டேன்.

புதன்கிழமை ஆடுகளுக்குக் குழை வெட்டப் போனேன். வந்தேன். வேறு ஒன்றும் இல்லை.

அன்புடன்,
சாலோமி


ஏரல்,
27.9.2024

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்குக் கை வரவில்லை. மன்னித்துக்கொள்.

நேற்று கடைக்கு ஒரு போன் வந்தது. "சார், நீங்க டீச்சரோட தம்பிதான? ஒண்ணும் பயப்படாதிய, டீச்சர் நல்லா இருக்காவ. சாக்குல ஒங்க நம்பரு இருந்துச்சு. இதை ஒங்ககிட்ட சொல்லாம இருக்க மனசு வரல" என்று சிராஜுதீன் பேசினார்.

போன வாரம் புதன்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நீ ஓடையில் குனிந்து குழை வெட்டிக்கொண்டிருந்தாய். பாறை மறைவிலிருந்து சிறுத்தை வந்து உனக்குப் பின்னால், பத்தடியில், வயிறு தரையில் படப் படுத்திருந்தது. குனிந்திருக்கிற ஆள் அதற்கு ஆடு மாதிரித்தான் தெரியுமாம். கரைமேல் நின்ற முத்துராணி தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். நீ திரும்பவில்லை. வெட்டிக்கொண்டே இருந்தாய். சிராஜுதீன் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடிவந்திருக்கிறார். அது எழுந்து போய்விட்டது. அப்போதும் நீ திரும்பவில்லை. அவர் உன் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பி, "என்ன சிராஜு, இப்படிப் பைய வந்து தொடுதியளே, ஈரக்குலை நடுங்கிப் போச்சு" என்று ஏசியிருக்கிறாய்.

இதைத்தான் "போனேன், வந்தேன்" என்று எழுதினாய்.

அவர் உன் வாசலில் நின்றுதான் பேசினார், அக்கா. தெளிவாகக் கேட்டது. பின்னால் நீ ஆட்டை அதட்டியதும் எனக்குக் கேட்டது. உன் தெருவில் சிக்னலுக்கு ஒரு குறையும் இல்லை.

போனை வைத்துவிட்டு உன் கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடியும் படித்தேன். கோயில்பிள்ளை மணி அடிக்கவில்லை. முத்துராணி முனகுகிறாள். இருபதடி தூரத்தில் ஆடு கத்தியிருக்கும், நீ விடிந்துதான் பார்த்தாய். போனில் நான் சொன்னது கேட்காமல்தான் நீ கத்தினாய், கோபம் என்று நான் நினைத்தேன்.

எவ்வளவு நாளாகக் காது கேட்கவில்லை?

இப்போதே பஸ் ஏறி வந்திருப்பேன். நான் வந்து நின்றால் நீ கதவைத் திறக்கமாட்டாய், எழுதித்தான் கேட்க வேண்டும் என்று ஸ்வீட்லின் சொல்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

எபி


ஏரல்,
20.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரம் தாண்டிவிட்டது. நீ சுகமாக இருக்கிறாய் என்பது சிராஜுதீன் சொல்லித்தான் தெரிகிறது. வாரம் இரண்டு தடவை அவரைத் தொந்தரவு செய்கிறேன். நீ சமைப்பதாகவும், சபைக் கமிட்டியோடு சண்டை போடுவதாகவும், என் பெயரை எடுத்தால் பேச்சை மாற்றுவதாகவும் சொல்கிறார்.

போன கடிதத்தில் வக்கீல் மாதிரிக் கேட்டுவிட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஒரே ஒரு வரி எழுது. ஏசியாவது எழுது. தபால்காரரைப் பார்த்தால் ஸ்வீட்லின் வாசலுக்கு ஓடுகிறாள்.

எபி


மேட்டுப்பொத்தை,
26.10.2024

என் தம்பி எபிக்கு,

சுகமாகத்தான் இருக்கிறேன். ஸ்வீட்லினை வாசலுக்கு ஓட வைத்ததற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

மூன்று வருஷம் இருக்கும். அத்தான் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வலது காது முதலில். பிறகு இரண்டும். எதிரே உட்கார்ந்து பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். முதுகுக்குப் பின்னால் பேசினால் தெரியாது. போனில் உதடு இல்லை. அதனால் உன்னோடு சண்டை போட்டுக் கடிதத்துக்கு மாற்றினேன். சிக்னல் கதை நான் கட்டியது.

ஏன் மறைத்தாய் என்று கேட்பாய். வகுப்பில் எத்தனை பிள்ளைகளை "காது கேட்குதா இல்லையா" என்று அதட்டியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய காரணம், காது கேட்காத பொம்பளையைத் தனியாக இருக்க யார் விடுவார்கள்? நீ மறுநாளே வேன் பிடித்து வந்திருப்பாய்.

அந்த இரண்டு ஆடும் போன அன்று நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன், எபி. நடுவில் ஒரு சுவர்தான். எவ்வளவு கத்தியிருக்கும். விடிந்து பார்த்தபோது ஆடு போனதற்கு நான் அழவில்லை. அது என்னைக் கூப்பிட்டிருக்கும், நான் வரவில்லை, அதற்குத்தான் அழுதேன். ஓடையில் நடந்ததை முத்துராணி கையைக் காலை ஆட்டிச் சொல்லிக்காட்டினாள். அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை. நான் பார்க்காத ஒன்றுக்கு, கேட்காத ஒன்றுக்கு எப்படிப் பயப்படுவது? அதைத்தான் இப்போது திரும்பத் திரும்ப யோசிக்கிறேன்.

எழுதிவிட்டேன். மூன்று வருஷமாகத் தலையில் வைத்திருந்த சுமையை இறக்கின மாதிரி இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வது, காது கேட்காததைவிடப் பெரிய வேலை.

என்னால் முடியாத நாள் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். சத்தியம் செய்திருக்கிறேன். பெட்டி கட்டட்டுமா?

சாலோமி


ஏரல்,
17.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். உன் வீட்டில் ஐந்து நாள் இருந்ததில் ஸ்வீட்லினின் சேலை எல்லாம் ஆட்டு வாடை. அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

நேரில் சொல்ல வராததை எழுதுகிறேன். "பெட்டி கட்டட்டுமா" என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆறு மாதமாகக் கேட்டது அதைத்தானே. ஆனால் கடையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். எதிர்க்கடை சிவசங்கரன் அண்ணாச்சி ஓடிவந்து, "என்னவே, யாரு தவறிட்டா?" என்று கேட்டார். நீ தோற்றுப்போய் என் வீட்டுக்கு வருவது எனக்கு வேண்டாம் என்று அப்போதுதான் தெரிந்தது. அதனால்தான், முதலில் காதைப் பார்ப்போம், பெட்டி அப்புறம் என்றேன்.

பாளையங்கோட்டை டாக்டர் சொன்னதை மறந்துவிடாதே. காது மிஷினை முதல் வாரம் தினம் நாலு மணி நேரம்தான் போட வேண்டும். பிறகு கூட்டிக்கொண்டே போகலாம். படுக்கும்போது கழற்றிவிட வேண்டும். எழுந்ததும் முதல் வேலையாக மாட்ட வேண்டும். இரவுக்கு வலை காவல். நானே ஏறி அடித்தது, அரையடி இடைவெளி கூட இல்லை. முழங்கால் இன்னும் வலிக்கிறது, எண்ணெய் தீர்ந்துவிட்டது.

கோயில்பிள்ளையிடமும் பேசினேன். குழிக்கு நானே சுண்ணாம்பு வாங்கித் தருகிறேன், நீங்கள் ஒரு ஜெபம் செய்து மூடுங்கள் என்றேன். ஜெபம் என்றதும் மனிதர் இறங்கிவிட்டார். "அப்படிச் சொல்லுங்க தம்பி, டீச்சர் சுகாதாரம் சுகாதாரம்னுல்லா சண்டைக்கு வந்தாவ" என்றார்.

புது வருஷத்துக்குள் நீயே முடிவு சொல். இருக்கிறேன் என்றாலும் சரி, வருகிறேன் என்றாலும் சரி. நான் சண்டை போடமாட்டேன். ஸ்வீட்லின் முன்னால் சொல்லிவிட்டேன்.

எபி


மேட்டுப்பொத்தை,
5.1.2025

அன்புத் தம்பி எபிக்கும் ஸ்வீட்லினுக்கும்,

புது வருஷ ஆசீர்வாதங்கள். நான் சுகம். ஒன்பது ஆடும் சுகம். வெள்ளைச்சி சினையாக இருக்கிறாள்.

பதில் எழுதப் பத்து நாள் தள்ளிப்போட்டதற்குக் காரணம் இருக்கிறது. கிறிஸ்துமஸ் விருந்து வரை எல்லாக் கழிவும் குழிக்குள் போயிற்று. கோயில்பிள்ளை ஒரு அடக்க ஆராதனையே நடத்திவிட்டார். நாய்கள் ஒவ்வொன்றாக ஊரைவிட்டுப் போய்விட்டன. செயலாளர் நாய் மட்டும் கூண்டு நின்ற இடத்தில் போய் உட்கார்ந்து ஏங்குகிறது. சிறுத்தையும் மூன்று வாரமாக, ஓடையில் வனத்துறை வைத்த கேமராவில் விழவில்லை என்று சிராஜுதீன் சொன்னார். முடிவை எழுதிவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி அது வந்தது.

காலை ஐந்தரை இருக்கும். மிஷினை மாட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். கொட்டிலில் ஆடுகள் தரையை உதைத்தன. ஒன்று தும்மின மாதிரி ஒரு சத்தம் போட்டது. அது பயந்தால் போடுகிற சத்தம் என்று எனக்குத் தெரியும், கேட்டு மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம். கட்டையை ரம்பம் போட்டு அறுப்பது போல, விட்டு விட்டு. சிறுத்தைதான்.

நான் வெளியே போகவில்லை. தாழ்ப்பாளைச் சரிபார்த்தேன். சிராஜுதீனுக்குப் போன் செய்தேன். பேசினதெல்லாம் கேட்டது. "கதவத் தொறக்காதிய டீச்சர், தட்டைத் தட்டுங்க, அஞ்சு நிமிசத்துல வாரேன்" என்றார். எவர்சில்வர் தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உன் விளக்கு வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்தது. கொட்டிலை ஒரு சுற்றுச் சுற்றியது. வலைமேல் முன்காலை ஊன்றிப் பார்த்தது. வலை அசையவில்லை. தட்டுச் சத்தத்துக்குக் காதை மடக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல் இறங்கி, ஓடை வழியாக மலைப்பக்கம் போய்விட்டது. நல்ல அழகு, எபி. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு ஆடுகளை எண்ணினேன். ஒன்பது. மறுபடியும் எண்ணினேன். மூன்றாம் தடவையும் எண்ணினேன். நான் பயந்தே போய்விட்டேன். இத்தனை மாதத்தில் முதல் தடவையாகப் பயந்தேன். எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? முத்துராணி வந்தாள், சிராஜுதீன் வந்தார், மூன்று பேரும் உட்கார்ந்து டீ குடித்துச் சிரித்தோம். முத்துராணி முனகவில்லை. அவள் குரல் நாலு தெருவுக்குக் கேட்கும்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன், இந்தப் பயம் என்னை ஊரைவிட்டு விரட்டுகிறதா என்று. விரட்டவில்லை. நான் இங்கேயே இருக்கிறேன். ஜூனில் இதை வீம்புக்குச் சொன்னேன். இப்போது பயத்தையும் சேர்த்து யோசித்துவிட்டுச் சொல்கிறேன். ஓடைக்குத் தனியாகப் போகமாட்டேன், பொழுது சாய்ந்தால் வெளியே வரமாட்டேன். நீ கேட்டபடி எழுதிக் கொடுத்துவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்.

இன்னும் ஒன்று. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். அத்தான் போன பிறகு இந்த வீடு அடங்கிப்போய்விட்டது. ஒரு சத்தம் இருக்காது. மனிதர் போனால் வீடு இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த அமைதியோடு இரண்டு வருஷம் குடித்தனம் செய்தேன். அதில் பாதி என் காது என்று எனக்குத் தோன்றவே இல்லை. மிஷின் மாட்டி, நீங்கள் ஊருக்குப் போன முதல் நாள், அடுப்படியிலிருந்து கூடத்துக்கு யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடக்கிற சத்தம் கேட்டது. கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடினேன். யாரும் இல்லை. நான்தான் நடந்திருக்கிறேன்.

உன் அக்கா,
சாலோமி